துண்டுப் பேரம்

— வராதுன்னு சொன்னா வராதுதான் தம்பி. ரெண்டாம் பாகம் கிடையாது.

— ஆச்சி, முகத்துல அடிச்ச மாதிரி சொல்லாதீங்க லா. சுங்கை வேயிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸ் வந்திருக்கேன். முதல் பாகத்துக் கடைசிப் பக்கத்துல நீங்கதானே போட்டீங்க, "ஆறு துறைமுகம், இரண்டாம் பாகம், தீபாவளிக்கு"ன்னு. எந்த வருஷத் தீபாவளின்னு போடலைங்கிறது இப்பத்தான் புரியுது.

— வக்கணையாத்தான் பேசுற. பேரு என்ன?

— வாசு.

— உட்காரு வாசு. அந்த நாற்காலி வேணாம், ஃபேனுக்கு எதிர்ல இருக்கு பாரு, அதுல உட்காரு. ஆட்டம் ஆடுறவனா நீ?

— வாரா வாரம் லா. நாலு பேரு மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு வியாபாரி வேஷம் கட்டி, பகடையை உருட்டி, புயல்ல கப்பலை ஓட்டி, நாகப்பட்டினத்துல ஏத்தின சரக்கைக் கடாரத்துல இறக்குறதுக்குள்ள மூணு வாரம் ஓடிடும். கதை நடத்துறவன் நான்தான். வெளிநாட்டு ஆட்டத்துல எல்லாம் பூதத்தை வெட்டு, குகையில புதையலை எடுங்கிறான். உங்களதுலதான் ஒருத்தன் மிளகு மூட்டையைக் காட்டியே அடுத்தவனை அழ வைக்கிறான். இந்த மாதிரி விதிப் புத்தகம் தமிழ்ல வேற ஏது ஆச்சி?

— நல்லாக் குளிப்பாட்டுற. எத்தனை வாங்கின?

— ஒண்ணு.

— எப்ப?

— போன வருஷம் ஆகஸ்டுல. இருபத்தெட்டு வெள்ளி காசு கொடுத்தேன். ஒரு வெள்ளி குறைக்கச் சொன்னேன், பழைய காலண்டர் ஒண்ணைக் கொடுத்து அனுப்பிட்டீங்க.

— தொண்ணூத்தேழு ஆகஸ்டு. சரியாத்தான் வருது. மே மாசம் ஐநூறு அடிச்சேன். ஆகஸ்டு வரைக்கும் நூத்தித் தொண்ணூறு போச்சு. செப்டம்பர்ல ஏழு. அக்டோபர்ல மூணு. அதுக்கப்புறம் எலிதான் வாடிக்கை. அந்தா, அந்த அலமாரியில இருக்கே இங்கிலீஷ் விதிப் புத்தகம், அதுக்கும் அதே கதிதான். வர்றான், பத்துப் பக்கம் புரட்டுறான், "சீடியில இருக்கு ஆன்டி"ங்கிறான், போறான். ஒரு சீடியில முப்பது புத்தகமாம், பத்து வெள்ளியாம்.

— அது நான் இல்ல ஆச்சி. அது வேற பார்ட்டி.

— நீன்னு நான் சொல்லவே இல்லையே.

— இல்ல... பொதுவாச் சொன்னேன். அந்த வெளிநாட்டுக்காரன் பெரிய கம்பெனி, தாங்குவான்.

— அவன் தாங்குவான். அவன் ஏஜென்டு தாங்கலை. சிங்கப்பூர்லேர்ந்து லெட்டர் போட்டுட்டான், இனிமே கோலாலம்பூருக்கு அனுப்ப மாட்டானாம். சீடி வாங்கினவன்கூடப் பாவம்தான், அடுத்த புத்தகம் வந்தாத்தானே அடுத்த சீடி.

— காலம் அப்படி ஆச்சி. வெள்ளி மதிப்பு விழுந்துச்சு, ஆளுங்களுக்கு வேலை போச்சு, காசு நடமாட்டமே இல்ல.

— காலம்தான். மேசை டிராயரைத் திற. காலம் உள்ளேதான் கிடக்கு, எடுத்துப் பாரு.

— டிஸ்கெட்டு.

— மேலே ஒட்டியிருக்கிறதைப் படி.

— "ஆறு துறைமுகம். மூணு வெள்ளி."

— சுங்கை வே பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, சாத்தேக் கறி சுடுறவனுக்கும் உள்பாவாடை விக்கிறவனுக்கும் நடுவுல ஒரு கடை. என் அண்ணன் மருமக வாங்கிட்டு வந்தா. விக்கிற ஆள் எப்படிடீ இருந்தான்னு கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசினாரு அத்தை, இடது புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சுன்னா.

— இந்தக் காத்துல முடி கண்ணுல விழுது ஆச்சி.

— கையை வச்சுப் புருவத்தை மறைக்காதே. ஃபேனுக்கு எதிர்ல உட்கார வச்சதே முடி பறந்து புருவம் தெரியட்டும்னுதான்.

— சரி. நான்தான். கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறீங்களா?

— பண்றதா இருந்தா உனக்கு எதுக்கு நாற்காலி?

— அப்ப நான் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன் ஆச்சி. கோவிக்கக் கூடாது. இருபத்தெட்டு வெள்ளிக்கு யாரு வாங்குவா? வக்கீல் வீட்டுப் புள்ள வாங்கும். ஷிப்டு வேலைக்குப் போறவன் வாங்குவானா? என் டிஸ்கெட்டு இல்லைன்னா உங்க ஆட்டம் இருநூறு பேரோட நின்னிருக்கும். நான் நானூறு வித்திருக்கேன். போர்ட் கிள்ளான் வரைக்கும் போயிருக்கு.

— நானூறு.

— நானூத்திச் சொச்சம். அதுல ஒண்ணை வாங்கி நாலு பேரு நாலு காப்பி எடுத்துக்கிறான். அதுக்குக் கணக்கே இல்ல.

— அதாவது, உன்கிட்டயும் திருடுறாங்க.

— ஆமா லா. மனசாட்சியே இல்லாதவனுங்க.

— பாவம்.

— நீங்க சிரிங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த நானூறு பேரும் உங்க கஸ்டமரா? கிடையாது. நான் விக்கலைன்னா அவங்க சும்மா இருந்திருப்பாங்க. உங்களுக்கு நான் என்ன நஷ்டம் பண்ணினேன்?

— சொல்றேன் கேளு. நானூறு பேரும் வர வேண்டாம். நாற்பது பேரு, பத்துல ஒருத்தன், இந்தப் படியேறி வந்திருந்தாப் போதும், ரெண்டாம் பாகம் போன தீபாவளிக்கே வந்திருக்கும். வந்தது நீ ஒருத்தன். நீயும் எதுக்கு வந்திருக்க? அடுத்த காப்பி எடுக்க.

— கஸ்டமருங்க தொல்லை தாங்கல ஆச்சி. மீதித் துறைமுகம் எங்க, எப்ப திறக்கும்னு வாராவாரம் கழுத்தைப் பிடிக்கிறாங்க. எழுதி முடிச்சிட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.

— முடிச்சாச்சு. மூணு துறைமுகம் முதல் பாகத்துல வந்துச்சு. மீதி மூணும் அந்த டிரங்குப் பெட்டியில கிடக்கு. நாலு வருஷ வேலை. கரையானுக்குக் கொடுத்தாலும் கொடுப்பேன், உனக்குக் கொடுக்க மாட்டேன். கரையான் தின்னா தின்னதோட போயிரும், மூணு வெள்ளின்னு ஒட்டி விக்காது.

— ஐநூறு அடிங்க. நான் ஐம்பது எடுத்துக்கிறேன். கையில காசு.

— எடுத்து?

— புத்தகமா வேணும்கிறவனுக்குப் புத்தகம். மத்தவனுக்கு...

— டிஸ்கெட்டு. என் சாமானை எனக்கே பங்கு வச்சுத் தர்ற.

— நூறு எடுத்துக்கிறேன். டிஸ்கெட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் போடுவேன்.

— ஒரு வருஷம்.

— ரெண்டு மாசம் லா. அதுக்கு மேலே தாங்காது. நாம பேசி முடிச்சுக்கலாம் ஆச்சி.

— பேசி முடிக்க வேண்டாம். ஆட்டக்காரன்கிற, என் விதிப்படியே பேரம் நடக்கட்டும். இந்தா துண்டு. கையை உள்ளே விடு.

— எதுக்கு?

— எதுக்கா? விலை சொல்ல.

— துண்டுக்குள்ள கையை விட்டு எப்படி விலை சொல்றது? பேனா கொடுங்க.

— பேனாவா?

— சீட்டுல எழுத வேணாமா?

— என்ன சீட்டு?

— துண்டுச்சீட்டு லா. உங்க விதிதானே, எனக்கு மனப்பாடம். "விலை பேசும்போது வாய் திறக்கக் கூடாது. துண்டுச்சீட்டுக்குள் விலை சொல்ல வேண்டும்."

— நான் சீட்டுன்னு எழுதவே இல்லை. "துண்டுக்குள் விலை சொல்ல வேண்டும்." துண்டு. தோள்ல போடுறது. மூஞ்சி துடைக்கிறது.

— துண்டுன்னா... இந்தத் துண்டா?

— வேற எந்தத் துண்டு? எங்க அப்பச்சி ரங்கூன்ல மாணிக்கக் கல்லு வியாபாரம் பண்ணினாக.

— தாத்தாவா?

— அப்பா. எங்க வீட்டுல அப்பாவை அப்பச்சிம்போம். ரெண்டு வியாபாரி எதிரெதிரே உட்கார்ந்து, கை மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சு விலை சொல்லுவாக. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, உள்ளங்கையில அழுத்தினா பத்து. சுத்தி இருபது பேரு நிப்பாக, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. மூஞ்சியைப் பார்த்தா ரெண்டு பேரும் வெயிலைப் பத்திப் பேசிக்கிற மாதிரி இருக்கும். அதுதான் என் ஆட்டத்துக்கே உசுரு. புத்தகத்துக்கு நடுவுல வழவழன்னு நாலு பக்கம் படமாவே போட்டிருக்கேனே, எந்த விரலுக்கு என்ன எண்ணுன்னு.

— அதை என்ன படம்னுகூடப் பார்க்காமக் கழட்டிட்டேன் ஆச்சி.

— கழட்டிட்டியா?

— படம் போட்டா டிஸ்கெட்டுல இடம் பத்தாது. எழுத்து இருக்கிற தாளை மட்டும்தான் டைப் பண்ணக் கொடுத்தேன். அட்டையும் படம்தானே, அதையும் எடுத்துட்டேன்.

— அட்டையிலதான் தெய்வானைன்னு என் பேரு இருந்துச்சு.

— ஆமா. கொட்டை எழுத்துல.

— அப்ப நானூறு பேருக்கும் இதை யாரு எழுதினதுன்னும் தெரியாது, எப்படி ஆடுறதுன்னும் தெரியாது. திருடினதைக்கூடப் பொறுத்துக்குவேன் வாசு. தப்பாத் திருடியிருக்க.

— எக்ஸ்கியூஸ் மீ. ஆச்சி புத்தகக் கடை இதானே? கீழே சேலைக் கடையில மாடின்னு சொன்னாங்க.

— இதுதான்மா. உள்ளே வா. என்ன வேணும்?

— வாங்க வரல ஆன்டி, திருப்பிக் கொடுக்க வந்தேன். என் பேரு இந்திரா, போர்ட் கிள்ளான்ல கோடவுன் கிளார்க். போன வாரம் என் ஃப்ரெண்டு எனக்குப் பிறந்தநாள் பிரசன்டா இங்க வந்து இந்தப் புத்தகம் வாங்கினா. சண்டை போட வரல, ஆனா காசைக் கொடுத்துடுங்க. இது டூப்ளிகேட்.

— எது?

— இதுதான், ஆறு துறைமுகம். பைண்டிங் எல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா உள்ளே மாத்திட்டாங்க. ஒரிஜினல் எங்கிட்ட டிஸ்கெட்டுல இருக்கு.

— வாசு, சிரிக்காதே.

— சிரிக்கல ஆச்சி. இருமல்.

— இந்த வருஷம் வித்த ஒரே புத்தகம், அதுவும் திரும்பி வருது. உள்ளே என்னம்மா மாத்தியிருக்கு?

— பேரம் பேசுற விதி ஆன்டி. துண்டைப் போட்டுக் கையைப் பிடிச்சுக்கணுமாம். படம் வேற. எவனோ ஒரு கிறுக்கன் எழுதியிருக்கான்.

— கிறுக்கன் இல்லை, கிறுக்கி. நான்தான் எழுதினேன்.

— நீங்களா?

— அந்தா முன்னூறு புத்தகம் சுவரோரமா அடுக்கியிருக்கே, எல்லாம் நான் அடிச்சதுதான். நீ ஒரிஜினல்ங்கிற டிஸ்கெட்டை அடிச்சது இந்தத் தம்பி.

— அலாமா. சாரி ஆன்டி. எனக்குத் தெரியாது. டிஸ்கெட்டுல பேரே இல்ல.

— அதை இப்பத்தான் பேசி முடிச்சோம்.

— சாரி. ஆனா...

— ஆனா?

— ஆனா இது சரியில்ல ஆன்டி.

— காப்பி அடிச்சதுதானே?

— இல்ல, நீங்க எழுதினது. நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை யூனியன் ஹால்ல ஆடுறோம், பதினோரு பேரு. அதுல ஆறு பேரு பொண்ணுங்க. முன்னே பின்னே தெரியாத லோரி டிரைவர் கையைத் துண்டுக்குள்ள பிடிச்சுக்கிட்டு உட்காருன்னா யாரு வருவா? எங்கம்மா என்னை உரிச்சுடுவாங்க. சீட்டுன்னா பேனாவை எடு, எழுது, மடி, தள்ளு. யாரும் யாரையும் தொட வேண்டாம்.

— கல்லு வியாபாரத்துல அதுதாம்மா முறை.

— அப்பல்லாம் பொம்பளைங்களும் அப்படிப் பேசினாங்களா?

— இல்லைம்மா. பேசலை. எனக்கு விரல் கணக்கு அத்தனையும் தெரியும், அப்பச்சிதான் சொல்லிக் கொடுத்தாக. வீட்டுக்குள்ள வச்சு, அவுக கையை மட்டும். வியாபாரி படியேறுற சத்தம் கேட்டா, "தெய்வானை, உள்ளே போ"ம்பாக. அதனாலதான் இந்த ஆட்டத்தையே எழுதினேன். வேஷம் கட்டுற ஆட்டம்தானே, இதுலயாவது நான் எதிர்ல உட்காரலாமேன்னு.

— உட்கார்ந்தீங்களா?

— புத்தகம் வந்த புதுசுல இந்தக் கடையிலேயே ஞாயித்துக்கிழமை ஆட்டம் வச்சேன். வந்ததெல்லாம் ஆம்பளைங்க. எனக்கு எதிர்ல உட்கார்ந்தவர் துண்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "ஆச்சி, நாம வாயாலயே பேசிக்குவோமே"ன்னுட்டாரு.

— பார்த்தீங்களா ஆன்டி.

— பார்த்தேன். அன்னைக்கே பார்த்தேன். ஒத்துக்கத்தான் மனசு வரலை.

— ஆச்சி, நான் என்ன சொல்ல வரேன்னா...

— நீ சும்மா இரு வாசு. ஏம்மா இந்திரா, சீட்டை எழுதித் தள்ளிக்கிட்டே இருந்தா பேரம் எப்பத்தான் முடியும்? பேனா மை தீர்ற வரைக்குமா?

— மூணே சீட்டுதான். முதல் சீட்டுல பொய் விலை எழுதலாம். ரெண்டாவதுல பொய் எழுதி மாட்டிக்கிட்டா ஒரு மூட்டை போச்சு. மூணாவதை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திறக்கணும். திறக்க மனசில்லையா, கிழிச்சிடலாம். ஆனா கிழிச்சவங்க அந்தத் துறைமுகத்துல அந்த வருஷம் முழுக்க ஒரு பிடி மிளகுகூட வாங்கவோ விக்கவோ முடியாது.

— கிழிக்கிறதா?

— அதுதான் ஆன்டி ஆட்டமே. போன வாரம் பக்கிரிசாமி அண்ணன், துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாரே, சீட்டைக் கையில வச்சுக்கிட்டு வேர்க்கிறாரு வேர்க்கிறாரு, அப்படி வேர்க்கிறாரு. ஹால்ல சத்தமே இல்ல. எதிர்ல நான். கடைசியில டர்ருனு கிழிச்சாரு. அவர் கப்பல் முழுக்கச் சரக்கு, விக்கவும் இடமில்ல, வாங்கவும் இடமில்ல. திங்கட்கிழமை வேலைக்கு வந்து, "இந்திரா, நான் கிழிச்சிருக்கக் கூடாது"ங்கிறாரு.

— துண்டுல அது வராது.

— ஏன் ஆன்டி?

— கையை எடுத்தாலும் திரும்ப வைக்கலாம். அப்பச்சி ஒரே கல்லுக்கு மூணு தடவை எடுத்து எடுத்து வைப்பாக. கிழிச்சதை என்ன பண்றது? கிழிச்சது கிழிச்சதுதான். வாசு, இது என் புத்தகத்துல இல்லை.

— அதான் ஆச்சி, துண்டுன்னு இருந்ததைச் சீட்டுன்னு...

— அது தப்பாப் படிச்சது, போட்டும். நான் கேக்கிறது அதை இல்லை. மூணு சீட்டு, பொய் விலை, கிழிக்கிறது. இதுல ஒரு எழுத்துகூட நான் எழுதினது கிடையாது. எங்கேருந்து வந்துச்சு?

— அது... டைப் பண்றப்ப வந்தது.

— யாரு டைப் பண்ணினது?

— என் வொய்ஃபு. புஷ்பவல்லி. ஃபேக்டரியில ஆள் குறைச்சப்ப அவ லைனைத்தான் முதல்ல நிறுத்தினாங்க. அப்புறம் வீட்டுல உட்கார்ந்து தமிழ் டைப்பிங் கத்துக்கிட்டா. "துண்டுக்குள்"னு வந்ததும், அச்சுக்காரன் சீட்டை முழுங்கிட்டான் போலன்னு அவளாச் சேர்த்துட்டா. படம் இல்லையா, அந்த இடமே ஓட்டையா நின்னுச்சு. காசு கொடுத்து வாங்குறவன் இதை வச்சு என்னத்த ஆடுவான்னு ரெண்டு நாள் யோசிச்சு, ஒரு பக்கம் எழுதிட்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன் ஆச்சி.

— ஏன் வேணாம்ன?

— அடுத்தவங்க எழுதினதுல நாம கை வைக்கக் கூடாதுன்னேன்.

— அப்படியா சொன்ன?

— சத்தியமா. இப்பக்கூட நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த டிஸ்கெட்டுல அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்றேன்.

— எடுத்துப் பாருங்க பாஸ். பதினோரு பேரும் லோரியில ஏறி சுங்கை வே வருவோம்.

— இந்திராவுக்கு வேலை வைக்காதே வாசு, அந்தப் பக்கத்தைத் தொட்டா நானே உன் கையை ஒடிப்பேன். போய் அந்த டிரங்குப் பெட்டியை இழு. மேலே இருக்கிற சிவப்பு நூல் கட்டை எடு.

— ரெண்டாம் பாகமா?

— ஆமா. மூணு துறைமுகம், மூணுலயும் துண்டு. எல்லாத்தையும் அடிச்சு எழுதணும். துண்டை ஒரு துறைமுகத்துல மட்டும் வைக்கிறேன், அது என் பிடிவாதம், யாரும் கேக்கக் கூடாது. மீதி ரெண்டுலயும் சீட்டு. மூணாவது சீட்டு, பொய் விலை, கிழிக்கிறது, எல்லாம்.

— ஐயோ ஆன்டி, தேங்க்ஸ். அப்ப இந்தப் புத்தகத்துக்குக் காசு?

— வித்த சாமானுக்குக் காசு திரும்பாது. புத்தகத்தையும் வச்சுக்கோ. பதினோரு பேருக்கும் சொல்லு, இதுதான் ஒரிஜினல்னு.

— ஆச்சி, ஒரு நிமிஷம். அந்தச் சீட்டு விதி புஷ்பா யோசிச்சது. அவளை ஒரு வார்த்தை கேட்காம நீங்க பாட்டுக்கு எடுத்துப் புத்தகத்துல போட்டா எப்படி?

— எப்படி? சொல்லு வாசு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இல்ல... அவ ரெண்டு நாள் சரியாத் தூங்கல ஆச்சி, அந்த ஒரு பக்கத்துக்கு.

— நான் நாலு வருஷம்.

— புரியுது ஆச்சி.

— புரிஞ்சாச் சரி. நான் கேட்டுத்தான் எடுப்பேன். நாளைக்குப் பத்து மணிக்கு அவளைக் கூட்டிட்டு வா. எழுதுறதும் ரெண்டு பேரா எழுதுறோம், விக்கிறதுலயும் பாதிக்குப் பாதி.

— பாதியா? ஆச்சி, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு.

— மனசெல்லாம் இல்லை, வியாபாரம். இந்தத் தடவை அட்டையில படம் கிடையாது, வெறும் எழுத்துதான், உன் டிஸ்கெட்டுல தாராளமா ஏறும். மேலே தெய்வானை, கீழே புஷ்பவல்லி. கொண்டு போய் மூணு வெள்ளிக்கு வித்துட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு கேளு.